சீலை தாங்கின கம்பி

வோக்கரின் இரண்டு கால் குளியலறைக்குள்ளும் இரண்டு கால் விறாந்தையிலுமாக, வாசல் நிலைக்குள் இறுகிவிட்டது. அதைப் பிடித்து உலுப்பியபடி சீவரத்தினத்தார் நின்றார். காதுக்கும் தோளுக்கும் நடுவே செருகியிருந்த போனுக்குள் நல்லம்மா.

"என்னப்பா, சத்தத்தைக் காணேல்லை? உள்ளுக்குப் போகுதோ?"

"போகுது, போகுது."

"போகுதெண்டால் ஏன் உங்களுக்கு மூச்சு வாங்குது?"

"வோக்கர் கொஞ்சம் அகலம் கூட. செய்தவனுக்கு அளவு தெரியாது. நான் ரெண்டு பக்கமும் வெட்டி ஒடுக்கி எடுக்கிறன்."

"என்ன? வோக்கரை வெட்டப் போறியளோ? வாசலை இடியுங்கோப்பா!"

கால் முறிந்தது நல்லம்மாவுக்கு. கோபம் வந்தது சீவரத்தினத்தாருக்கு. வோக்கர் செய்தவனில் கோபம், வீடு கட்டின காலத்து மேசனில் கோபம், கால் பார்த்த டொக்டரில் கோபம். யாழ்ப்பாணம் பெரியகடையில் முப்பது வருசம் புடவைக்கடை வைத்திருந்தவர். முதல் விலைக்கு ஒரு பொருள் வாங்கினதாகச் சரித்திரம் இல்லை. "ஆறு கிழமை கால் ஊன்றக்கூடாது" என்று டொக்டர் சொன்னபோதுகூட, "சரி டொக்டர், கடைசி விலையைச் சொல்லுங்கோ" என்று கேட்ட மனிதர்.

அந்த வீட்டைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். புத்தூரில் பேர் சொன்னால் தெரியும் வீடு. முகப்புத் தூணில் இரண்டு சீமெந்துச் சிங்கம் வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். கேற்றுக்குள்ளால் லொறி உரசாமல் வரும். இத்தனை பவிசும் தெருவால் போகிற சனத்துக்கு. வீட்டுக்காரி நாளுக்கு நாலுதரம் போய்வரும் குளியலறையோ தீப்பெட்டி. தண்ணீர் வெளியே வரக்கூடாது என்று அதன் வாசலில் முழங்காலை முட்டுமளவுக்கு ஒரு கட்டு வேறு. எங்கள் ஊரில் வீடு கட்டுகிறவன் நாள் பார்ப்பான், திசை பார்ப்பான், அயல்வீட்டான் எத்தனை அடி உயர்த்தியிருக்கிறான் என்றும் பார்ப்பான். தனக்கும் ஒருநாள் வயது போகும் என்பதை மட்டும் பார்க்க மாட்டான். லொறி போகும் வீட்டில் மனுசி போக வழியில்லை!

"உந்தக் கட்டை வெட்டிவிடுங்கோ" என்று நல்லம்மா கேட்கத் தொடங்கிப் பல வருசம். "பாப்பம்" என்று சீவரத்தினத்தார் சொல்லத் தொடங்கியும் அதே வருசம். கடைசியில் ஒரு காலமை அவள் அதிலேயே தடக்கி, ஈரத்தில் விழுந்தாள். அந்த நேரம் சீவரத்தினத்தார் கேற்றடியில் மீன்காரனோடு ஒரு விளைமீனுக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தார்.

"இஞ்சேருங்கோ! இஞ்சேருங்கோ!" என்று உள்ளேயிருந்து வந்த கூக்குரல் அவருக்குக் கேட்கத்தான் செய்தது.

"பொறும், இறங்கி வாறான்!" என்று திரும்பிக் குரல் கொடுத்தார்.

இறங்கி வந்தது விலை. மீன் கிடைத்தது. சமைக்கத்தான் ஆள் இல்லை.

ஆஸ்பத்திரியில் இருந்து நல்லம்மா நேரே உடுப்பிட்டியில் தங்கச்சி வீட்டுக்குப் போய்விட்டாள். காலின் கட்டு அவிழ்த்து, ஆஸ்பத்திரியில் கொடுத்த வோக்கரைப் பிடித்து நடக்கவும் தொடங்கிவிட்டாள்; வீட்டுக்கென்று செய்வித்த மற்றது புத்தூரில் கிடந்தது. வீட்டுக்கு வா என்றால் மட்டும் வரமாட்டாள்.

"நான் ஒருத்தரையும் கூப்பிடாமல் தனியப் போய்த் தனிய வரக்கூடிய பாத்றூம் கட்டிப்போட்டுச் சொல்லுங்கோ. அப்ப பாப்பம்."

"வீட்டுக்காரி வீட்டுக்கு வர நிபந்தனையோ?"

"ஓம். கடைசி விலை."

"இதென்ன கண்டறியாத கதை!"

"பாத்றூம் முடியட்டும். சமைக்கிற குசினிக் கதை பிறகு."

"குசினிக்கு என்ன குறை?"

"பிறகு எண்டு சொன்னனான்."

போன் வைக்கப்பட்டது. சீவரத்தினத்தார் மேசையில் கிடந்த கடைப்பாண் துண்டையும் சம்பலையும் பார்த்தார். காலமையும் அதுதான், மத்தியானமும் அதுதான், இரவைக்கும் அதுதான். மனுசி திரும்பி வராவிட்டால் சாகுமட்டும் அதுதான். உடனே மேசனைப் பிடித்தார்.

மேசன் றஞ்சித், நல்லம்மாவின் தங்கச்சி சொல்லிவிட்ட ஆள். உடுப்பிட்டியில் இருந்து மோட்டார்சைக்கிளில் வந்து இறங்கினான். பின்னால் ஒரு கையாள்.

"இவர் எதுக்கு?" என்றார் சீவரத்தினத்தார்.

"கையாள் ஐயா. கல்லுத் தூக்க, சீமெந்து குழைக்க..."

"நான் என்ன செத்தே போனன்? என்ரை வீட்டுக் கல்லை நான் தூக்க மாட்டனோ? அவரை அனுப்பு தம்பி."

இப்படியாகத்தான் சிங்கம் வைத்த வீட்டுச் சீவரத்தினத்தார் தன் வீட்டிலேயே கையாள் ஆனார்.

வாசலை இடித்து அகலமாக்கியாயிற்று. புது நிலையும் கதவும் வேண்டுமென்றான் றஞ்சித். கடைக்காரன் சொன்ன விலையைக் கேட்டுச் சீவரத்தினத்தார் கொதித்துப் போனார். "கதவோ விக்கிறான், காணியோ விக்கிறான்?" அரியாலையில் யாரோ பழைய வீட்டை இடிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு ஓடினார். பின்னேரம் ஒரு லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரப் பெட்டியில் கதவு வந்தது. தேக்கு. இரட்டைக் கதவு. பித்தளைக் குமிழ். தட்டுவதற்கு இரும்பு வளையம்.

றஞ்சித் சுற்றிச்சுற்றிப் பார்த்தான். "ஐயா, இது வீட்டு முன்கதவெல்லோ?"

"முன்னுக்கு நிலையிலை பூட்டினால் முன்கதவு. பாத்றூமுக்குப் பூட்டினால் பாத்றூம் கதவு. பூட்டு!"

றஞ்சித் போனை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் பின்னால் போனான். கொஞ்சநேரம் மெல்லக் கதைத்தான். திரும்பி வந்து, "ஐயா சொன்னால் சரி. பூட்டுவம்" என்றான்.

சீவரத்தினத்தாருக்கு மனம் குளிர்ந்தது. எதிர்த்துக் கதைக்காத மேசனை அவர் அதுவரை கண்டதில்லை.

கதவை உள்ளே திறந்தால் கொமட்டில் முட்டியது. வெளியே திறந்தால் எதிரே சாமியறை வாசலை மூடியது. சரி, சாத்தியே வைப்போம் என்றால், பழைய மரத்துக்கு ஒரு பிடிவாதம் இருந்தது, தானாகவே மெல்லத் திறக்கும். முதல்நாள் பரிசோதனைக்கென்று சீவரத்தினத்தார் உள்ளே போய் அமர்ந்தார். 'கிறீச்' என்று அரண்மனைக் கதவுபோல இரண்டு பக்கமும் விரிந்தது. நேர் எதிரே பிள்ளையார். பிள்ளையார் அவரைப் பார்த்தார், அவர் பிள்ளையாரைப் பார்த்தார். பழக்க தோசத்தில் கை இரண்டும் தானாகவே கூப்பிக்கொண்டன.

"இடிப்பமோ ஐயா?" என்று வெளியே நின்று கேட்டான் றஞ்சித்.

"இடி!"

மத்தியானங்களில் றஞ்சித் பலாமரத்தின் கீழ் இருந்து சாப்பாட்டுக் கரியரைத் திறப்பான். அதுதான் சீவரத்தினத்தாருக்குப் பெரிய தண்டனை. ஒருநாள் கணவாய்க்கறி, ஒருநாள் முருங்கையிலை வறையும் பாரைக் குழம்பும். வெள்ளிக்கிழமைகளில் சுத்தமான மரக்கறி. பாணைக் கையில் வைத்துக்கொண்டு அவர் அந்த வாசனையைத் தொட்டுத் தின்றார். மூன்றாம் நாள் மானத்தை விட்டுவிட்டுக் கிட்டப் போய்க் குந்தினார்.

"உதிலை கொஞ்சம் விடு தம்பி, பாப்பம்."

ஒரு வாய் வைத்தார். கண் மூடிக்கொண்டது.

"ஆற்றை கைச்சமையல் இது?"

றஞ்சித்துக்குப் புரையேறியது. "உடுப்பிட்டிக் கை ஐயா."

"என்ரை மனுசியும் உடுப்பிட்டிதான். இருந்தென்ன? நாப்பது வருசமாய்ச் சமைக்கிறா, ஒருநாள் உப்புக் கூட, ஒருநாள் புளி குறைய. உன்ரை வீட்டிலை வந்து படிக்க வேணும்."

"சொல்லிவிடுறன் ஐயா" என்றான் றஞ்சித், மிகவும் பணிவாக.

சொல்லித்தான் விட்டானோ என்னவோ, அடுத்தநாள் கரியரில் சீவரத்தினத்தாருக்கென்று தனியாக ஒரு தட்டு வந்தது. ஒரு வாய்தான் வைத்தார். காதால் புகை போயிற்று. கிணற்றில் ஒரு வாளி அள்ளி அப்படியே குடித்தார். ஆனாலும் தட்டை மிச்சம் விடவில்லை. சும்மா கிடைத்ததை மிச்சம் விடும் பழக்கம் அவர் பரம்பரையிலேயே இல்லை.

அடுத்தது வாசல் கட்டு. அதை வெட்டி எறிந்தார்கள். "நிலத்தையும் உடைச்சு, தண்ணி போற ஓட்டைப் பக்கமாய்ச் சாய்வு எடுக்க வேணும் ஐயா" என்றான் றஞ்சித்.

"சாய்வோ? தண்ணிக்கு வழி தெரியாதோ? அது தன்ரை பாட்டிலை போகும்."

றஞ்சித் கிணற்றடிக்குப் போனான். கதைத்தான். வந்தான். "ஐயா சொன்னால் சரி."

"உனக்கு வேறை எங்கையோவும் வேலை நடக்குது போல. நெடுகப் போனிலை நிக்கிறாய்."

"ஓம் ஐயா. உண்மையான வேலை அங்கைதான் நடக்குது."

தண்ணீருக்கு வழி தெரிந்துதான் இருந்தது. குளியலறையில் இரண்டு வாளி ஊற்ற, அது விறாந்தையைக் கடந்து, நேரே சீவரத்தினத்தாரின் கட்டிலுக்குக் கீழே போயிற்று. கடை பூட்டினபோது விலைபோகாமல் மிஞ்சின சீலைகள் அங்கேதான் பெட்டிகளில் இருந்தன. சிவப்பெல்லாம் வெள்ளையில் ஏறி, பச்சையெல்லாம் மஞ்சளில் இறங்கி, வாங்க ஆளில்லாதிருந்த சீலை துடைக்கவும் உதவாமல் போயிற்று.

"அப்ப கட்டைத் திரும்ப வை" என்று கத்தினார். "ஆனால் ரெண்டு பக்கமும் சரிவாய் வை. ஏறி இறங்கலாம்."

வைத்தார்கள். சீமெந்தில் ஒட்டகத்தின் முதுகு மாதிரி ஒன்று வந்தது. வோக்கரோடு சீவரத்தினத்தார் ஏறினார். ஏறியது அவருடைய விருப்பம். இறங்கினது வோக்கரின் விருப்பம். எதிர்ச் சுவர் அவரை நெற்றியில் முத்தமிட்டு வரவேற்றது.

"இடிப்பமோ ஐயா?"

"கேள்வி என்ன கேள்வி? இடி!"

அன்று பின்னேரம் கனடாவில் இருந்து மகள் கஜானி வீடியோவில் வந்தாள்.

"அப்பா, என்ன நெத்தியிலை?"

"சாமி கும்பிட்டனான்."

"அப்பா, நிலத்துக்கு வழுக்காத ரைல்ஸ் போடுங்கோ, சொரசொரப்பாய் இருக்கும். சுவரிலை இரும்புக் கைபிடி இறுக்குங்கோ. நான் படம் அனுப்பினனான் எல்லே?"

"கனடாவிலை பனி பிள்ளை, அங்கை வழுக்கும். இஞ்சை அடிக்கிற வெயிலிலை என்ன வழுக்கப் போகுது?"

"பாத்றூமுக்குள்ளை எங்கையப்பா வெயில்?"

"உனக்கு ஒண்டும் தெரியாது, வை போனை!"

ஏனென்றால் அவர் ஏற்கெனவே ரைல்ஸ் வாங்கிவிட்டார். எங்கேயோ ஒரு கலியாண மண்டபத்துக்குப் போட்டு மிஞ்சின ரைல்ஸ். முகம் பார்த்துச் சவரம் செய்யலாம், அப்படி மினுக்கம். தூக்கிக்கொண்டு போனால் போதும் என்ற விலைக்குக் கொடுத்தான் கொடுத்தவன். மலிந்த சரக்கைக் கண்டால் வியாபாரிக்குக் கண் தெரியாது என்பது வியாபாரிகளே சொல்லும் கதை. கைபிடிக்கோ காசே செலவில்லை. பழைய கடையில் சீலை தொங்கவிட்ட பித்தளைக் கம்பி ஒன்று வீட்டுப் பின்கோடிக்குள் கிடந்தது. அதைப் புளிபோட்டு மினுக்கிக் கொண்டுவந்தார்.

"இது திரைச்சீலை போடுற கம்பி மாதிரி எல்லோ ஐயா கிடக்கு? ஆளின்ரை பாரத்தைத் தாங்குமோ?"

"என்ன கதைக்கிறாய்? முப்பது வருசம் காஞ்சிபுரம், பெனாரஸ் எண்டு நூறு சீலையை ஒண்டாய்த் தாங்கின கம்பி. ஒரு சீலைக்காரியைத் தாங்காதோ?"

றஞ்சித் கிணற்றடிக்குப் போனான். இந்தமுறை கனநேரம் கதைத்தான். வந்தவன், "பூட்டுறன் ஐயா. ஆனால் அம்மா வர முதல் ஒருக்கால் சவர்க்காரத் தண்ணி ஊத்தி, நீங்களே நடந்து பாருங்கோ" என்றான்.

சீவரத்தினத்தார் சாரத்தை மடித்துக் கட்டினார். சவர்க்காரத் தண்ணீரை ஊற்றினார். வலது காலை வைத்தார். இடது காலை வைத்தாரா என்பது இன்றுவரை தெரியாது. கால் இரண்டும் கொமட் பக்கம் போயின, தலை வாசல் பக்கம் வந்தது. எட்டிக் கம்பியைப் பிடித்தார். கம்பி அவரைக் கைவிடவில்லை. சுவரைத்தான் கைவிட்டது. கம்பியும் அவருமாக ஒன்றாய்க் கீழே வந்தார்கள்.

எழும்பப் பார்த்தார். முடியவில்லை. கை ஊன்றினால் கை வழுக்கியது, முழங்கால் ஊன்றினால் முழங்கால் வழுக்கியது. இடுப்பு நாரி இரண்டாய்ப் பிளந்ததுபோல ஒரு நோ. பிடிக்க ஒன்றும் இல்லை, கையில் கம்பியைத் தவிர.

"தம்பி! றஞ்சித்! எடேய் றஞ்சித்!"

கிணற்றடிக்குப் பின்னாலிருந்து ஆறுதலாகக் குரல் வந்தது. "பொறுங்கோ ஐயா, வாறன்!"

பொறுத்தார். மல்லாந்து கிடந்தபடி பார்த்தார். கீழே கிடந்து பார்த்தால் குளியலறை வேறு ஒரு ஊர். வாசல் மலை உயரத்தில் இருந்தது. பைப் வானத்தில் இருந்தது. ஈரம் முதுகால் ஏறிக் கழுத்துக்கு வந்தது. கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் ஆள் இருக்கிறது, கேட்டும் வருகிறதில்லை. தெருவில் மீன்காரனின் ஹோர்ன் சத்தம் கேட்டது. சீவரத்தினத்தார் கண்ணை மூடிக்கொண்டார்.

திறந்தபோது றஞ்சித் வாசலில் நின்று கையைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"எந்த விசரனடா கட்டினவன் உந்தப் பாத்றூமை?" என்று தொண்டை கிழியக் கத்தினார்.

றஞ்சித் குனிந்து கையைக் கொடுத்தான். "இடிப்பமோ ஐயா?" என்று மட்டும் கேட்டான்.

நல்லம்மாவுக்கென்று இருந்த வோக்கரில் ஒரு கிழமை சீவரத்தினத்தார் நடந்தார். நடந்த இடமெல்லாம் சண்டை. வங்கி வாசலில் ஐந்து படி, ஒரு கைபிடி இல்லை. "கால் ஏலாதவன்ரை காசு மட்டும் உங்களுக்குக் காலுள்ள காசோ? அது மட்டும் படியேறி உள்ளுக்கு வரவேணுமோ?" என்று வாசலில் நின்று முழங்க, முகாமையாளரே இறங்கி வந்தார். மருந்துக்கடை வாசலில் வாய்க்கால், அதன்மேல் ஆடுகிற ஒற்றைப் பலகை. "நோயாளிக்கு மருந்து விக்கிறியளோ, இல்லைச் சர்க்கஸ் காட்டச் சொல்லுறியளோ?" என்றார். ஊரையே கட்டினவன் காலில்லாத மனிதனைக் கண்ணால் கண்டதில்லையா என்று போகிற வருகிறவர்களிடமெல்லாம் கேட்டார். நியாயமான கேள்வி. நாற்பது வருசம் பிந்தினாலும் நியாயமான கேள்வி.

நாரி நிமிர்ந்ததும் ரைல்ஸ் கடைக்குப் போனார். "வழுக்காத ரைல்ஸ். திறமானது. ஆளைத் தாங்குகிற இரும்புக் கைபிடி, மூண்டு. பக்கத்துக்கு இழுக்கிற கதவு. உயரமான கொமட். விலை?"

கடைக்காரர் விலையைச் சொன்னார். பழக்கத்தில், பேரம் பேச இடம் வைத்துக் கூட்டித்தான் சொன்னார்.

"சாமானை ஏத்து" என்றார் சீவரத்தினத்தார்.

கடைக்காரர் பயந்துபோனார். கதிரை எடுத்துப் போட்டார். "ஐயாவுக்குச் சுகமில்லையோ? சோடா ஏதும் எடுக்கட்டோ?"

இந்தமுறை றஞ்சித் கிணற்றடிக்குப் போகவில்லை. நிலம் உடைத்துச் சாய்வு எடுத்தான், தண்ணீர் ஒழுங்காக ஓட்டைக்குள் போயிற்று. விறாந்தையும் குளியலறையும் ஒரே மட்டம். கொமட்டின் இரண்டு பக்கமும் கைபிடி, குளிக்குமிடத்தில் ஒன்று. சீவரத்தினத்தார் தொங்கிப் பார்த்தார். சுவர் அசையவில்லை. வோக்கரோடு உள்ளே போய், ஒரு சுற்றுச் சுற்றி, வெளியே வந்தார். ஒருவரையும் கூப்பிடவில்லை. கண் கொஞ்சம் கலங்கியது. சீமெந்துத் தூசியாக இருக்கலாம்.

றஞ்சித் போனில் நாலைந்து படம் எடுத்தான். சீவரத்தினத்தார் நல்லம்மாவுக்குப் போன் எடுத்தார்.

"முடிஞ்சுது. எல்லாம் என்ரை யோசனை. நீர் தனியப் போய்த் தனிய வரலாம்."

"ஓமோ? நல்லது."

"நாளைக்கு வாறீரோ?"

"நாளைக்கு மத்தியானம் இஞ்சத்தைப் பெடியன் கனிசியஸின்ரை ஓட்டோ வரும்" என்றாள் நல்லம்மா.

அடுத்தநாள் றஞ்சித் கரியர் இல்லாமல், வெள்ளனவே வந்துவிட்டான். பூச்சு வேலை மிச்சம் இருந்தது. சீவரத்தினத்தார் குளித்து, வேட்டி கட்டிக் கேற்றடியில் நிற்கத்தான் நினைத்தார். ஆனால் கையாள் வேலையை யார் செய்வது? கடைசிச் சட்டி சீமெந்தைத் தூக்கிக்கொண்டு, தலையும் மீசையும் சாம்பல் பூத்து, கோவணத்துக்கு அண்ணன் மாதிரி மடித்துக் கட்டின சாரத்தோடு முற்றத்தைக் கடக்கும்போது ஓட்டோ வந்து சிங்கத்தடியில் நின்றது.

சட்டியைப் போட்டுவிட்டு ஓடினார். பின் ஆசனத்துக்குள் எட்டிப் பார்த்தார்.

நல்லம்மா இல்லை. ஆசனத்தின் நடுவே, விழாமல் துவாயால் சுற்றிக் கட்டி, ஒரு கரியர் இருந்தது. மூடியில் நெளிவு விழுந்த, நாள்தோறும் பலாமரத்தடியில் திறந்த, அதே கரியர்.

கனிசியஸ் என்ற அந்த ஓட்டோக்காரப் பெடியன் அவரை மேலும் கீழும் பார்த்தான். கரியரைத் தூக்கி அவர் கையில் கொடுத்தான்.

"இந்தாங்கோ அப்பு, இதை மேசன் அண்ணையிட்டைக் குடுங்கோ, அடித்தட்டு கையாளுக்காம், உங்களுக்குத்தான் போல, நல்லம்மா அன்ரி சொல்லிவிட்டவ, பாத்றூம் படம் பார்த்தவவாம், திறமாம், இனிக் குசினியையும் இதேமாதிரி அந்த ஐயா சொல்லுறபடியே கட்டிக்காட்டி, அவரின்ரை வாயாலயே மூண்டுதரம் இடிக்கச் சொல்ல வைச்சு முடிச்சாப் பிறகுதான் வருவாவாம், ஆனால் ஐயாவின்ரை காதிலை மட்டும் போட்டிடாதையுங்கோ!"